தாதியப் பயிற்சி, குடும்பத் திட்டமிடல், துறைத் தெரிவு: வன்னி யுவதிகள் போடவேண்டிய ஆண்டுக் கணக்கு

வன்னிப் பெருநிலப்பரப்பின் வைத்தியசாலைகளில் கட்டடங்கள் எழுந்துள்ளன. 2024 மே மாதத்தில் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் பெண்களின் ஆரோக்கியத்திற்கான விசேட நிலையமும், மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் மருத்துவப் புனர்வாழ்வு நிலையமும் திறந்துவைக்கப்பட்டன. நெதர்லாந்து நாட்டின் ஒத்துழைப்புடனான அதே திட்டத்தின் கீழ் வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் இருதய, சிறுநீரக நோய்களுக்கான வசதிகளும் ஏற்படுத்தப்பட்டன. இவை யாவும் வரவேற்கத்தக்கவையே. ஆயினும் இக்கட்டடங்களுக்குள் இரவு இரண்டு மணிக்கு நோயாளியின் கட்டிலருகே நிற்கப் போகின்றவர் யார், அவர் அத்துறைக்கென விசேடமாகப் பயிற்றப்பட்டவரா என்ற வினாவைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவ்வாறு நிற்கக் கூடியவர்கள் இம்மண்ணிலேயே இருக்கின்றார்கள். க.பொ.த உயர்தரத்தில் சித்தியடைந்து, தாதியர் பயிற்சிக்கான வர்த்தமானி அறிவித்தல் எப்போது வெளிவரும் எனக் காத்திருக்கும் யுவதிகளே அவர்கள். அவர்களுடைய காத்திருப்பின் பின்னால் ஒரு கணக்கு உண்டு. பயிற்சி முடிய எத்தனை வயதாகும், திருமணம் அதற்கு முன்னரா பின்னரா, முதற் குழந்தை எப்போது, விசேட துறை ஒன்றைப் படிப்பதாயின் எந்த ஆண்டில் என்பனவெல்லாம் அக்கணக்கில் அடங்கும். வீட்டுத் திண்ணையில் தாயும் மகளும் மெல்லிய குரலிற் பேசித் தீர்க்கும் சொந்த விடயமாகவே நம்மவர்கள் இதனைக் கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. இக்கணக்குத் தவறும் ஒவ்வொரு தடவையும் வன்னியின் ஏதோவொரு நோயாளர் விடுதியில் ஓர் இடம் வெறுமையாகின்றது.

முதலிற் காலத்தைப் பார்ப்போம். சுகாதார அமைச்சின் கீழுள்ள தாதியர் கல்லூரிகளில் வழங்கப்படும் பொதுத் தாதியப் பயிற்சி மூன்று ஆண்டுகளைக் கொண்டது. உயர்தரப் பரீட்சையை ஒருவர் பத்தொன்பது வயதில் எழுதுகின்றார் எனக் கொள்வோம். பெறுபேறு, வர்த்தமானி, விண்ணப்பம், நேர்முகத் தேர்வு, கல்லூரி ஆரம்பம் என ஒவ்வொரு படியிலும் மாதங்கள் கழிகின்றன. குறிப்பிட்டதோர் உயர்தர ஆண்டினர் சில ஆண்டுகள் கழிந்தே பயிற்சிக்கு அழைக்கப்படுவது இந்நாட்டிற் புதிய செய்தியன்று. மூன்றாண்டு தாமதத்துடன் இருபத்திரண்டு வயதிற் கல்லூரிக்குள் நுழையும் ஒருவர் இருபத்தைந்தில் வெளியேறுவார். முதல் நியமனம் வன்னியிற் கிடைக்கலாம். கொழும்பிலோ அநுராதபுரத்திலோ கிடைக்கலாம். அங்கு சில ஆண்டுகள் பணியாற்றிய பின்னரே விசேட பயிற்சிகளுக்கு விண்ணப்பிக்கும் தகைமை வரும். அப்போது அவருக்கு முப்பது வயதாகியிருக்கும்.

மருத்துவம் இன்னொரு கணக்கைச் சொல்கின்றது. பெண்ணின் கருத்தரிக்கும் ஆற்றல் முப்பதுகளின் ஆரம்பத்திற் சிறிது சிறிதாகவும், முப்பத்தைந்து வயதின் பின்னர் விரைவாகவும் குறைகின்றது. கருச்சிதைவு, கர்ப்பகால நீரிழிவு, உயர் குருதியமுக்கம் ஆகியவற்றின் ஆபத்தும் வயதோடு ஏறுகின்றது. ஆக, அரசாங்கம் தன் தாமதத்தினால் எடுத்துக்கொண்ட மூன்று ஆண்டுகளும் இலவசமாக எடுக்கப்பட்டவையல்ல. அவை அப்பெண்ணின் இருபதுகளிலிருந்து எடுக்கப்பட்டவை. இதனை நேர்முகத் தேர்வுச் சபையில் எவரும் கணக்கிடுவதில்லை.

எனவே, பயிற்சி முடியும் வரை திருமணம் வேண்டாம் என்று ஒரு வீட்டிலும், திருமணம் முடிந்தாற் பயிற்சி எதற்கு என்று இன்னொரு வீட்டிலும் முடிவாகின்றது. இவ்விரண்டுமே அவசர முடிவுகள் என்பது நமது கருத்து. விண்ணப்பிக்கும் போதும் பயிற்சிக் காலத்திலும் திருமணம், கர்ப்பம் தொடர்பாக விதிக்கப்படும் நிபந்தனைகளை அந்தந்த ஆண்டின் வர்த்தமானியிலேயே வாசித்தறிய வேண்டும். அயலவர் சொன்னதைக் கேட்டு விண்ணப்பிக்காது விட்டவர்களும் உண்டு. வாசியாமற் கையெழுத்திட்டுப் பின்னர் தவித்தவர்களும் உண்டு. பயிற்சியின் பின்னர் கட்டாயமாகச் சேவையாற்ற வேண்டிய காலம், பிணை ஒப்பந்தம் ஆகியவற்றையும் பெற்றோர் கையொப்பமிடுமுன் வரி வரியாகப் பார்ப்பது நன்று.

நியமனம் பெற்ற பின்னர் நிலைமை ஓரளவு தெளிவானது. அரச சேவையிலுள்ள பெண் உத்தியோகத்தருக்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் பிரசவ விடுமுறை உண்டு. அதன் பின்னர் அரைச் சம்பளத்துடன் 84 நாட்களும், தேவையாயின் சம்பளமின்றி மேலும் 84 நாட்களும் பெறலாம். 2005 ஆம் ஆண்டின் பொது நிர்வாகச் சுற்றறிக்கையினால் இந்த ஒழுங்கு நடைமுறைக்கு வந்தது. முழுமையாகப் பயன்படுத்தினால் குழந்தையின் முதற் பிறந்த நாளை அண்மிக்கும் வரை தாய் அதனுடன் இருக்கலாம். ஆனால் தாதியர் பற்றாக்குறையுள்ள விடுதியில் ஒருவர் விடுமுறையிற் செல்லும்போது அவரது கடமை எஞ்சியோரின் தோளில் விழுகின்றது. அதனால் விடுமுறை கேட்பவருக்கு உரிமையைக் கேட்கும் உணர்வு வருவதில்லை. குற்றஞ் செய்த உணர்வே வருகின்றது. ஒரே ஆண்டில் இருவர் கர்ப்பமுற்றால் விடுதி தடுமாறுகின்றது என்றால், பழி கர்ப்பத்தின் மீதல்ல, ஆளணியை இவ்வளவு இறுக்கமாகக் கணக்கிட்டவர்கள் மீதே சுமத்தப்பட வேண்டும்.

இனித் துறைத் தெரிவுக்கு வருவோம். பொதுத் தாதியாகப் பயிற்சி பெற்ற ஒருவர் அதிதீவிர சிகிச்சை, சத்திரசிகிச்சைக் கூடம், மகப்பேறு, குறைமாதக் குழந்தைப் பராமரிப்பு, சிறுநீரக இரத்தச் சுத்திகரிப்பு, உளநலம், புற்றுநோய் எனப் பல திசைகளிற் செல்லலாம். விடுதி நிர்வாகம், கற்பித்தல் ஆகியவற்றிற்குக் கொழும்பிலுள்ள அடிப்படைக்குப் பிந்திய தாதியக் கல்லூரியும், பொதுச் சுகாதாரத் துறைக்குக் களுத்துறையிலுள்ள தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகமும் உள்ளன. 1926 இல் இந்நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தோன்றிய அதே களுத்துறைதான் அது. பட்டம் பெற விரும்புவோருக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், கிழக்குப் பல்கலைக்கழகம் முதலியன தாதியியற் பட்டக் கற்கையை நடத்துகின்றன. சேவையிலிருந்தவாறே படிக்க விரும்புவோருக்குத் திறந்த பல்கலைக்கழகம் 1990 களிலேயே வழி திறந்தது.

வாய்ப்புகள் இல்லையென்று சொல்ல முடியாது. அவை இருக்கும் இடமே சிக்கல். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் எழுபது கிலோமீற்றருக்குள் முடிந்துவிடும். கைக்குழந்தை உள்ளவருக்கு அதுவே நீண்ட பயணம். வவுனியாவிலிருந்து கொழும்பு இருநூற்றைம்பது கிலோமீற்றர். முல்லைத்தீவுக் கரையோரக் கிராமமொன்றிற் குழந்தையைப் பேத்தியாரிடம் விட்டுவிட்டு மாதக்கணக்கிற் கொழும்பில் தங்கிப் படிக்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? போரிற் கணவரை இழந்து குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் பெண்கள் நிறைந்த மாவட்டங்கள் இவை. அவர்களுக்கு அது துணிவு பற்றிய வினாவே அல்ல. ஆகவே தகுதியுள்ளவர் விண்ணப்பிப்பதில்லை. விண்ணப்பிக்காதவர் தகுதியற்றவராகக் கணக்கெடுக்கப்படுகின்றார்.

துறையைத் தெரிவு செய்யும்போது குடும்பத்தை எண்ணிப் பார்ப்பது கோழைத்தனம் என்று சிலர் சொல்வதுண்டு. தொழிலின் இயல்பை அறிந்தவர் அவ்வாறு சொல்லார். நோயாளர் விடுதியின் கடமை நேரம் காலை ஏழிலிருந்து பகல் ஒரு மணி வரை, ஒரு மணியிலிருந்து மாலை ஏழு வரை, பின்னர் இரவு முழுவதும் எனச் சுழல்வது. மருத்துவ ஆலோசனைப் பிரிவும் பொதுச் சுகாதாரப் பணியும் பெரும்பாலும் பகல் வேலை. புற்றுநோய்ப் பிரிவிற் கையாளப்படும் சில மருந்துகள், கதிரியக்கம், சத்திரசிகிச்சைக் கூடத்தின் மயக்கவாயு ஆகியவை கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கக் கூடியவை. ஆதலாற் கர்ப்பத்தை எதிர்பார்க்கும் தாதி அதனை முன்கூட்டியே பொறுப்பாளருக்கு அறிவித்துக் கடமையை மாற்றிக்கொள்வது அவரது உரிமை மட்டுமன்று, குழந்தையின் பாதுகாப்பும் ஆகும். இதனை எந்தத் துறையிலும் வெட்கத்துடன் இரகசியமாகப் பேச வேண்டியதில்லை.

வன்னிக்கு எத்துறைகள் அவசரமாக வேண்டும் என்பதை இங்குள்ள நோய்களே சொல்கின்றன. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் விவசாயக் கிராமங்களிற் காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வேரூன்றியுள்ளது. இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தை வாங்கிவிடலாம். கிழமைக்கு இரண்டு மூன்று தடவை வரும் நோயாளியை அதனுடன் இணைத்து நான்கு மணி நேரம் கண்காணிக்கும் தாதியை வாங்க முடியாது. கால் இழந்தோர், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோர், செல்துண்டுகளை உடலிற் சுமந்தவாறு முதுமையை நோக்கிச் செல்வோர் மாங்குளத்தின் வாசலுக்கு வரவேண்டியவர்கள். படுக்கைப் புண் வராமற் காப்பதும் சிறுநீர்க்குழாயைப் பராமரிப்பதும் புனர்வாழ்வுத் தாதியத்தின் அன்றாடம். உளநலம் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் மேலைநாடுகளிலுள்ள ஒரு பதவியைப் பற்றிச் சொல்வது பொருத்தமாகும். நேர்ஸ் பிரக்டிஷனர் என அழைக்கப்படும் உயர்நிலைத் தாதி நோயாளியைத் தானே பரிசோதித்து, நோயை நிர்ணயித்து, குறித்த எல்லைக்குள் மருந்தும் எழுதுவார். 1965 இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா போர்ட் என்ற தாதியியல் பேராசிரியையும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை வைத்தியரும் இப்பயிற்சியை ஆரம்பித்தனர். வைத்தியர் செல்லாத கிராமப்புறக் குழந்தைகளே அவர்களது கவனத்தில் இருந்தனர். அயல்நாடான இந்தியாவிலும் அதிதீவிர சிகிச்சைக்கான இத்தகைய முதுநிலைப் பயிற்சியைத் தாதியர் பேரவை வகுத்துள்ளது. இலங்கையில் இப்பதவி இல்லை. ஆயினும் எண்ணம் நமக்கு அந்நியமானதன்று. முழு வைத்தியர் அல்லாத அப்போதிக்கரிமாரே பல பத்தாண்டுகளாக வன்னிக் கிராமங்களின் மருந்தகங்களை நடத்தி வந்தனர். அவர்களிடம் மருந்தெடுத்து வளர்ந்தோர் இன்றும் இருக்கின்றார்கள்.

அதற்கும் முற்பட்ட மரபொன்றும் உண்டு. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இணுவிலில் 1898 இல் உருவான மக்லியொட் பெண்கள் வைத்தியசாலை தமிழ்ப் பெண்களைத் தாதியராகவும் மருத்துவமாதராகவும் பழக்கியது. பின்னர் 2009 ஆம் ஆண்டின் முதல் மாதங்களிற் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைகளுக்கு இலக்காகி, அங்கிருந்து புதுமாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் சிகிச்சை நகர்ந்தபோது, ஒருசில அரச வைத்தியர்களுடன் தாதியரும் தொண்டர்களும் செய்த வேலையை எந்தப் பதவிப் பெயரிலும் அடக்க முடியாது. தாதி ஒருவர் எவ்வளவு பொறுப்பை ஏற்கக் கூடியவர் என்பதற்கு வன்னியை விடச் சான்று வேறெங்கும் தேடவேண்டியதில்லை. அப்பொறுப்பைச் சமாதான காலத்திற் சட்டபூர்வமாகவும் முறையான பயிற்சியுடனும் வழங்கத் தயங்குவதே விந்தை.

குடும்பத் திட்டமிடல் என்ற சொல் நமது வாசகர் பலருக்கு உவப்பானதல்ல என்பதை அறிவோம். அதற்குக் காரணமும் உண்டு. 2013 ஓகஸ்ட் மாதத்திற் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், வலைப்பாடு, கிராஞ்சி ஆகிய கரையோரக் கிராமங்களிற் குழந்தைகளின் போசாக்குப் பரிசோதனைக்கென அழைக்கப்பட்ட தாய்மாருக்குப் போதிய விளக்கமும் விருப்பமும் இன்றிக் கருத்தடைக் குச்சிகள் வைக்கப்பட்டதாக முறைப்பாடுகள் எழுந்தன. மறுபுறம், 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாகக் கிளப்பப்பட்ட வதந்தி வன்செயலில் முடிந்தது. பரிசோதனையில் அது வெறும் மாப்பொருளெனத் தெரியவந்தது. 2019 இற் குருநாகலில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் மீது சுமத்தப்பட்ட கருத்தடைக் குற்றச்சாட்டுக்குக் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினர் ஆதாரம் எதனையும் காணவில்லை. முதலாவது சம்பவத்தில் தமிழ்த் தாயின் சம்மதம் மதிக்கப்படவில்லை என்பது புகார். ஏனைய இரண்டிலும் முஸ்லிம்கள் மீது பொய்ப்பழி சுமத்தப்பட்டது. இரு சமூகத்தவரும் இச்சொல்லைக் கேட்டு முகஞ்சுளிப்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆனால் நாம் இங்கு பேசுவது வேறொன்று. எத்தனை குழந்தைகள் என்பதை அரசோ அதிகாரியோ தீர்மானிப்பது கட்டுப்பாடு. எப்போது என்பதைக் கணவனும் மனைவியும் அறிந்து தீர்மானிப்பது திட்டமிடல். தொழிற்பயிற்சியிலுள்ள பெண்ணுக்கு இரண்டாவதே தேவை. 1953 இல் இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் தோன்றியபோதும், 1965 இல் இச்சேவை அரச சுகாதாரத் துறையுடன் இணைந்தபோதும் முன்வைக்கப்பட்ட எண்ணமும் தாயின் நலனே.

இஸ்லாமிய நோக்கிலும் இது விலக்கப்பட்ட பேச்சன்று. தாய்ப்பாலூட்டும் காலமாக இரண்டு ஆண்டுகளைக் குர்ஆன் குறிப்பிடுகின்றது. தற்காலிகமாகக் கருத்தரிப்பைத் தவிர்ப்பது குறித்து இமாம் கஸ்ஸாலி போன்ற அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்து அனுமதிக்கும் கருத்தைக் கூறியுள்ளனர். ஒரு பிரசவத்திற்கும் அடுத்த கருத்தரிப்பிற்கும் இடையில் இரண்டு ஆண்டுகளேனும் இருப்பது நல்லதென உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதனுடன் ஒத்துப்போகின்றது. ஐயமுள்ளோர் தமது உலமாக்களிடம் கேட்டுத் தெளியலாம்.

முறைகளின் இயல்பை அறிந்திருப்பதும் அவசியம். மூன்று மாதங்களுக்கொரு தடவை போடப்படும் ஊசியை நிறுத்திய பின்னர் மீண்டும் கருத்தரிக்கப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டு வரையும் தாமதமாகலாம். ஓராண்டுப் பயிற்சி முடிந்தவுடன் குழந்தை வேண்டும் என எண்ணுபவருக்கு இது பொருந்தாது. லூப் எனப்படும் கருப்பை வளையமோ கைத்தோலின் கீழ் வைக்கப்படும் குச்சியோ அகற்றப்பட்டதும் கருத்தரிக்கும் ஆற்றல் விரைவில் திரும்பும். மாத்திரைக்கு ஒழுங்கு வேண்டும். இரவுக் கடமையில் நேரந்தவறுவது இயல்பு. கருத்தரிக்க எண்ணுபவர் அதற்கு முன்னரே போலிக் அமிலத்தை நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் வீதம் ஆரம்பிக்க வேண்டும், ஏனெனில் சிசுவின் நரம்புக்குழாய் முதல் நான்கு கிழமைகளுக்குள்ளேயே மூடிவிடுகின்றது. இவையனைத்தும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சிகிச்சை நிலையத்திற் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஊருக்கெல்லாம் இவற்றை எடுத்துரைக்கும் தாதிக்கு, தனக்கென அமர்ந்து கேட்க ஒரு மணி நேரம் கிடைப்பதில்லை என்பதும் உண்மை.

முஸ்லிம் சமூகத்தைப் பற்றித் தனியே ஒரு சொல். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மக்களும் அடங்குவர். இருபது ஆண்டுகள் புத்தளத்து முகாம்களில் வளர்ந்த ஒரு தலைமுறை 2009 இன் பின்னர் சிறுகச் சிறுகத் திரும்பியது. அம்மக்களின் தாய்மாரும் வவுனியாவின் சாளம்பைக்குளம், பட்டாணிச்சூர் பகுதிகளின் தாய்மாரும் பிரசவத்திற்குச் செல்லும்போது பெண் உத்தியோகத்தரையே விரும்புகின்றனர். நியாயமான விருப்பம். ஆனால் அதே வீடுகளில் மகளைத் தாதியர் கல்லூரி விடுதிக்கு அனுப்பத் தயங்குகின்றனர். நபிகளாரின் காலத்தில் மதீனாவிற் காயமுற்றோரைப் பராமரித்த ருபைதா அல் அஸ்லமிய்யாவின் பெயரை அறிந்த சமூகத்தில் இத்தயக்கம் நீடிக்க வேண்டியதில்லை. தமிழ் வீடுகளும் இதில் உயர்ந்தவையல்ல. இரவுக் கடமை பார்க்கும் பெண் என்பதற்காகச் சம்பந்தம் பேச மறுக்கும் வீட்டார், தம் தாய்க்கு நெஞ்சுவலி வந்த இரவில் அதே பெண்ணையே தேடி ஓடுகின்றனர்.

செய்யக் கூடியவை பல. உயர்தரப் பெறுபேறு வெளியான ஆண்டிலேயே பயிற்சிக்கு அழைக்க ஒழுங்கு செய்வது முதலாவது. அதற்கு நிதி தேவையில்லை, கால அட்டவணை ஒன்றே தேவை. அதிதீவிர சிகிச்சை, சிறுநீரகம், புனர்வாழ்வு ஆகிய விசேட பயிற்சிகளின் செய்முறைப் பகுதியையேனும் வவுனியாவிலும் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் நடத்தலாம். வன்னியின் பெரிய வைத்தியசாலைகள் ஒவ்வொன்றிலும் இரவும் இயங்கும் குழந்தைப் பராமரிப்பு நிலையம் வேண்டும். வங்கிகளுக்கும் தனியார் நிறுவனங்களுக்கும் இது இயலுமெனில் வைத்தியசாலைக்கு இயலாமற் போவதெப்படி?

தாதியரின் பயிற்சியும் நியமனமும் இடமாற்றமும் மத்திய அமைச்சின் கையில் இருக்க, வைத்தியசாலைகள் மாகாணத்தின் கையில் இருப்பதால், பொறுப்பு இருவருக்கும் இடையில் நழுவுகின்றது. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிவடைந்த பின்னர் கேட்பதற்கு மக்கள் பிரதிநிதியான மாகாண அமைச்சர் எவரும் இருக்கவில்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடியில், அரச ஊழியர் ஐந்தாண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அனுமதிக்கும் சுற்றறிக்கை வெளியானது. குழந்தையைக் கவனிக்கவென ஒரு தாதி இரண்டு ஆண்டுகள் பகற் கடமை கேட்டால் ஆளணி போதாதென்று பதில் வருகின்றது. வெளிநாடு செல்ல ஐந்து ஆண்டுகள் விட்டுக்கொடுக்க முடிந்த நிர்வாகம், அவரை வன்னியிலேயே வைத்திருக்கும் இரண்டு ஆண்டுகளை ஏன் விட்டுக்கொடுக்க முடியாதென்பதைச் சுகாதார அமைச்சு அடுத்த இடமாற்றப் பட்டியலைத் தயாரிக்கு முன்னர் விளக்க வேண்டும்.